இன்புளுவென்சாவுக்குப் புது மருந்தை ஆய்வுகூடத்தில் எப்படித் தேடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அதற்கு முதல் சில வருடங்கள் கொழும்பில் கலவளர்ப்பு செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்தேன். ஒவ்வொரு மாரியிலும் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருக்கும்போது இதே கேள்விகள்தான் வரும். வகுப்பில் பிள்ளை கேட்டதைப் பின்னேரம் படலையில் நின்று தாய் கேட்பார். அடுத்த நாள் ஓட்டோ ஓட்டும் அண்ணையும் அதையே கேட்பார். அதனால் எழுதி வைத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், தடிமனும் இன்புளுவென்சாவும் ஒண்டுதானே?

இல்லை. தடிமனை உண்டாக்கும் வைரஸ்கள் பல வகை. இன்புளுவென்சா தனி வைரஸ். மனிதரிடையே பருவத்துக்குப் பருவம் பரவுபவை அதன் ஏ, பி என்ற இரண்டு வகைகள். திடீரென்று காய்ச்சல், உடம்பு உளைவு, வறட்டு இருமல், பாயை விட்டு எழும்ப விடாத களைப்பு, இவைதான் அடையாளம். வயதானவர்கள், கர்ப்பிணித் தாய்மார், சின்னக் குழந்தைகள், ஆஸ்துமாவும் நீரிழிவும் உள்ளவர்கள் ஆகியோருக்கு நிமோனியா வரைக்கும் போகலாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் என்றால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. மூக்கிலும் தொண்டையிலும் துடைப்பு எடுத்துப் பரிசோதித்தால்தான் இன்புளுவென்சா என்று உறுதியாகும். இலங்கையின் தேசிய இன்புளுவென்சா நிலையம் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை அஸ்பிரின் பக்கமே போகவேண்டாம். டெங்குவில் அது இரத்தக்கசிவைக் கூட்டும். இன்புளுவென்சா வந்த பிள்ளைகளுக்கு ஈரலையும் மூளையையும் பாதிக்கக்கூடும்.

அன்டிபயோட்டிக் குடிச்சால் சுகம் வராதோ? வைரசுக்கு என்னத்துக்குத் தனி மருந்து?

பக்ரீரியா தனக்கென்று சுவர், தனக்கென்று புரதத் தொழிற்சாலை எல்லாம் வைத்திருக்கும் உயிரி. அன்டிபயோட்டிக் அந்தச் சுவரையோ தொழிற்சாலையையோ உடைக்கும். வைரஸிடம் அப்படி எதுவும் இல்லை. அது ஆலை இல்லாத வியாபாரி மாதிரி. எங்கள் கலம் என்ற அரிசி ஆலைக்குள் புகுந்து, தன் நெல்லைக் கொட்டி, எங்கள் மின்சாரத்திலேயே குத்திக்கொண்டு போகும். ஆலையைப் பூட்டினால் அதன் வேலை நின்றுவிடும், ஆனால் நாங்களும் பட்டினி. ஆலை ஓடவேண்டும், அதன் மூட்டை மட்டும் குத்துப்படக் கூடாது. மருந்து தேடுவதன் முழுக் கஷ்டமும் இதில்தான் இருக்கிறது.

இன்புளுவென்சா ஏ வைரஸின் மரபுப்பொருள் 8 துண்டு ஆர்என்ஏ. அதன் வெளிப்புறத்தில் ஹீமாக்ளூட்டினின் என்ற புரதம் எங்கள் கலத்திலுள்ள சியாலிக் அமிலத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே போனபின் எம்2 என்ற நுண்ணிய வாய்க்கால் வழியாக அமிலத்தன்மை புகுந்து வைரஸின் கூட்டை அவிழ்க்கும். பிறகு பிபி1, பிபி2, பிஏ என்ற மூன்று புரதங்கள் சேர்ந்த பொலிமரேஸ் பிரதி எடுக்கும். கடைசியில் நியூராமினிடேஸ் என்ற நொதியம் சியாலிக் அமிலத்தை வெட்டிப் புது வைரஸ்களை வெளியே விடும். இந்தப் படிகள் ஒவ்வொன்றும் மருந்துக்கு ஒரு குறி. கீழே அடிக்கடி இவற்றுக்கே திரும்பி வருவேன்.

இப்ப மருந்து இல்லையோ? இருக்கிறது போதாதோ?

இருக்கிறது. முதலில் வந்தது அமன்டடீன், அமெரிக்காவில் 1966இல் அனுமதி பெற்றது. அது எம்2 வாய்க்காலை அடைக்கும். 1999இல் நியூராமினிடேஸைத் தடுக்கும் சனாமிவிரும் ஒசெல்டாமிவிரும் வந்தன. டாமிஃபுளு என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டது ஒசெல்டாமிவிரைத்தான். பொலிமரேஸின் பிஏ பகுதியைத் தடுக்கும் பலொக்சாவிர் 2018இல் ஜப்பானிலும் பிறகு அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

போதுமா என்றால், போதாது. வயலில் அறக்கொட்டிப் பூச்சிக்கு ஒரே மருந்தைப் போகத்துக்குப் போகம் அடித்தால் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. தப்பியது பெருகும். அமன்டடீனுக்கு அதுதான் நடந்தது. எம்2 புரதத்தின் 31ஆவது இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியது, மருந்து பயனற்றுப்போனது. இன்று பரவும் ஏ வகை வைரஸ்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த மாற்றம் இருக்கிறது. பி வகைக்கு அது ஆரம்பத்திலிருந்தே வேலை செய்யவில்லை. 2007-2008 பருவத்தில் ஒசெல்டாமிவிருக்கு அடங்காத எச்1என்1 என்ற ஏ வகை வைரஸ் திடீரென்று பரவியது. 2009இல் வந்த புது எச்1என்1 அதைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்ததால் அந்த மருந்து தப்பியது. அடுத்த தடவையும் அப்படித் தப்பும் என்று நம்பி இருக்கமுடியாது.

'ஸ்கிரீனிங்' எண்டு சொல்லுறீங்கள். ஆளைப் படம் பிடிக்கிறதோ?

இல்லை, இது அரிதட்டு வேலை. கையில் ஆயிரக்கணக்கான, சில இடங்களில் இலட்சக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்கும். எது வைரஸைத் தடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து ஒரே மாதிரியான பரிசோதனைக்குள் விட்டு, நிற்பதை எடுத்து, விழுவதை விட்டுவிடுவது. முதல் அரிதட்டின் கண் சிறிது. அடுத்தடுத்து கண் பெருத்துக்கொண்டே போகும்.

பரசூட் முறையில் நாற்றுப் போடும் பிளாஸ்டிக் தட்டு பார்த்திருப்பீர்கள். இதற்கும் அப்படியொரு தட்டுத்தான், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. 8 வரிசை, 12 நிரல், மொத்தம் 96 குழி. பெரிய ஆய்வுகூடங்களில் அதே அளவுத் தட்டில் 384 குழி இருக்கும். ஒவ்வொரு குழியும் ஒரு தனி வயல். கலம், வைரஸ், பரிசோதிக்கும் பொருள் மூன்றும் அதற்குள் சந்திக்கும்.

வைரசை எங்க வளர்க்கிறது? பக்ரீரியா மாதிரி ஏகர் தட்டில் வளராதோ?

வளராது. மேலே சொன்ன ஆலைக் கதைதான் காரணம். உயிருள்ள கலம் வேண்டும். மனித இன்புளுவென்சா வைரஸை முதன்முதல் 1933இல் லண்டனில் பிரித்தெடுத்தபோது பெரட் என்ற, கீரிப்பிள்ளை போன்ற விலங்கின் மூக்கில் விட்டுத்தான் வளர்த்தார்கள். பிறகு கருக்கட்டிய கோழிமுட்டை வந்தது. சுமார் 10 நாள் அடைவைத்த முட்டைக்குள் வைரஸை ஊசியால் விட்டு, இரண்டு மூன்று நாளில் உள்ளே இருக்கும் திரவத்தை எடுப்பார்கள். இன்றும் இன்புளுவென்சாத் தடுப்பூசிகளில் பெரும்பகுதி முட்டையில்தான் உருவாகிறது.

மருந்து தேடுவதற்கு அதிகம் பயன்படுவது எம்டிசிகே என்ற கலவரிசை. 1958இல் ஒரு கொக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து மாடினும் டார்பியும் எடுத்தது. அந்த நாய் போய் அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, கலங்கள் இன்னும் உலகம் முழுக்கப் பெருகிக்கொண்டிருக்கின்றன. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கல் பாவிய முற்றம் மாதிரி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே படையாக இருக்கும்.

வைரஸை விடுமுன் அந்தப் படையை நன்றாகக் கழுவவேண்டும். கலங்களுக்கு உணவாக ஊற்றிய சீரம் மிச்சமிருந்தால் அது வைரஸைத் தடுத்துவிடும். அதோடு ட்ரிப்சின் என்ற, புரதத்தை வெட்டும் நொதியமும் கொஞ்சம் சேர்க்கவேண்டும். ஹீமாக்ளூட்டினினை ஒரு இடத்தில் வெட்டினால்தான் வைரஸுக்குத் தொற்றும் சக்தி வரும். எங்கள் சுவாசப்பாதையில் அதை வெட்டும் நொதியம் இயல்பாகவே இருக்கிறது. தட்டில் நாங்கள்தான் கொடுக்கவேண்டும். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ட்ரிப்சினை மறந்துவிட்டு, 'நான் போட்ட பொருள் வைரஸைத் தடுத்துவிட்டது' என்று சந்தோசமாக ஓடி வருவதுண்டு.

மருந்து வேலை செய்யுது எண்டு கண்ணால எப்பிடிக் காணுறது? வைரஸ் கண்ணுக்குத் தெரியாதே.

வைரஸ் தெரியாது, அது செய்த அழிவு தெரியும். 96 குழியிலும் கலங்களை வளர்த்து, வைரஸையும் பொருளையும் விட்டு, 37 பாகை செல்சியஸுக்குக் கிட்ட இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். மருந்தில்லாத குழியில் கலங்கள் உருண்டு, சுருங்கி, அடித்தளத்தை விட்டுக் கழன்று மிதக்கும். மருந்து பிடித்த குழியில் கல் பாவிய முற்றம் அப்படியே இருக்கும். பிறகு நியூட்ரல் ரெட் என்ற சாயம் விடுவார்கள். உயிருள்ள கலம் மட்டும் அதை உறிஞ்சும். கழுவியபின் சிவந்து நிற்கும் குழிதான் காப்பாற்றப்பட்ட குழி. அந்த நிறத்தின் அளவைக் கருவி வாசித்துத் தரும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்கப் பிளாக் பரிசோதனை. இதில் வைரஸ் விட்டபின் கலங்களின் மேல் இளஞ்சூடான ஏகர் என்ற கூழை ஊற்றி உறைய விடுவார்கள். ஒரு வைரஸ் ஒரு கலத்தைக் கொன்றால், அதிலிருந்து வந்தவை தூரத்துக்கு மிதந்து போகமுடியாமல் பக்கத்துக் கலங்களையே கொல்லும். வட்டமாக ஒரு ஓட்டை விழும், அதன் பெயர்தான் பிளாக். மூன்றாம் நாள் ஏகரை நீக்கி ஊதாச் சாயம் ஊற்றினால், ஊதாப் படங்கில் வெள்ளைப் பொட்டுகள் மாதிரித் தெரியும். ஒரு பொட்டு, ஆரம்பத்தில் இருந்த ஒரு வைரஸ். நான் முதல் முறை எண்ணியபோது மருந்தில்லாத குழியில் 60க்கு மேல், பக்கத்துக் குழியில் 4. தட்டை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது. பொட்டுகளின் எண்ணிக்கை குறைவதோடு அவற்றின் அளவையும் பார்க்கவேண்டும். நியூராமினிடேஸைத் தடுக்கும் மருந்து சில நேரம் எண்ணிக்கையைக் குறைக்காமல் பொட்டைச் சிறுக்கவைக்கும். வைரஸ் உள்ளே போகிறது, வெளியே பரவமுடியவில்லை என்று அர்த்தம்.

அப்ப வைரசைக் கொல்லுற எதுவும் மருந்துதானே?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கவேண்டும். சவர்க்காரத் தண்ணீர் இன்புளுவென்சா வைரஸின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும். அதனால்தான் கை கழுவச் சொல்கிறோம். அதைக் குடித்தால் காய்ச்சல் மாறுமா? கலத்தின் சவ்வும் கொழுப்புத்தானே.

அதனால் ஒவ்வொரு பொருளையும் இரண்டு முறை பரிசோதிக்கவேண்டும். ஒரு தட்டில் கலமும் வைரஸும் பொருளும். இன்னொரு தட்டில் வைரஸ் இல்லாமல் கலமும் பொருளும் மட்டும். முதல் தட்டிலிருந்து, வைரஸின் வேலையைப் பாதியாகக் குறைக்கும் செறிவு கிடைக்கும். இரண்டாவதிலிருந்து, கலங்களில் பாதியைக் கொல்லும் செறிவு கிடைக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது தெரிவுச் சுட்டி. கணக்குக்காக ஒன்று சொல்கிறேன்: ஒரு பொருள் 2 மைக்ரோமோலரில் (செறிவை அளக்கும் அலகு) வைரஸைப் பாதியாக்கி, 4 மைக்ரோமோலரில் கலத்தைப் பாதியாக்கினால் சுட்டி 2. அது மருந்தல்ல, நஞ்சு. இன்னொன்று அதே 2இல் வைரஸைத் தடுத்து, கலத்தைப் பாதியாக்க 400 தேவைப்பட்டால் சுட்டி 200. அதை அடுத்த அரிதட்டுக்கு அனுப்பலாம்.

எங்காவது 'வைரஸைக் கொன்றது' என்று வாசித்தால் நான் உடனே தேடுவது இந்த இரண்டாவது தட்டைத்தான். அது இல்லாத செய்தியை நான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதில்லை.

கோழி இரத்தத்தில பரிசோதிக்கிறது எண்டு புத்தகத்தில கிடக்கு. ஏன்?

ஹீமாக்ளூட்டினின் செங்குழியங்களையும் பிடிக்கும். 1941இல் ஜோர்ஜ் ஹேர்ஸ்ட் கவனித்தது இது. வைரஸ் இல்லாவிட்டால் கோழிச் செங்குழியங்கள் குழியின் அடியில் சிவப்புப் பொத்தான் மாதிரி இறங்கும். வைரஸ் இருந்தால் அவற்றை வலை மாதிரிக் கோத்து இறங்கவிடாது. முக்கால் மணி நேரத்துக்குள் வெறும் கண்ணால் பார்க்கலாம், செலவும் குறைவு. எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று மட்டிடவும், ஒட்டுவதையே தடுக்கும் பொருளைத் தேடவும் உதவும். ஒட்டியபின் நடக்கும் எதையும் இது காட்டாது.

வைரஸ் இல்லாமலும் பரிசோதிக்கலாம் எண்டீங்கள். அது என்னெண்டு?

குறியை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பார்ப்பது. நியூராமினிடேஸுக்கு இருக்கும் பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சியாலிக் அமிலத்தோடு ஒரு ஒளிரும் மூலக்கூறைக் கட்டி வைத்திருப்பார்கள். கட்டியிருக்கும்வரை அது ஒளிராது. நொதியம் வெட்டிவிட்டால், புறவூதா ஒளி பட்டதும் நீலமாக ஒளிரும். மருந்து நொதியத்தைத் தடுத்தால் குழி இருட்டாகவே இருக்கும். பரவிக்கொண்டிருக்கும் வைரஸ் ஒசெல்டாமிவிருக்கு இன்னும் அடங்குகிறதா என்று உலக ஆய்வுகூடங்கள் கண்காணிப்பதும் இந்த முறையில்தான்.

பொலிமரேஸுக்கு வேறு வழி. அதன் மூன்று புரதங்களுக்கும், ஆர்என்ஏயைச் சுற்றியிருக்கும் என்பி புரதத்துக்கும் உரிய மரபணுக்களை மட்டும் மனிதக் கலத்துக்குள் விடுவார்கள். கூடவே, மின்மினியின் ஒளி நொதியத்துக்குரிய மரபணுவை வைரஸின் துண்டு மாதிரி வேடம் போட்டு விடுவார்கள். பொலிமரேஸ் ஏமாந்து அதைப் பிரதி எடுத்தால் கலம் ஒளிரும். முழு வைரஸ் இல்லாததால் தொற்றும் பயம் இல்லை. பறவைக் காய்ச்சல் எச்5என்1 போன்ற ஆபத்தான வைரஸ்களை உயிரோடு கையாள மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வுகூடம் வேண்டும். இந்த முறையில் அவற்றின் பொலிமரேஸைச் சாதாரண ஆய்வுகூடத்திலேயே பார்க்கலாம்.

கொம்பியூட்டரில போட்டால் எந்த மருந்து பொருந்தும் எண்டு அதுவே சொல்லாதோ?

கொஞ்சம் சொல்லும். சனாமிவிர் வந்த வழியே அப்படித்தான். 1983இல் அவுஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மனின் குழு நியூராமினிடேஸின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது. சியாலிக் அமிலம் போய் இருக்கும் பள்ளம் எல்லா வகை வைரஸிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. மார்க் வொன் இட்ஸ்டைனின் குழு, அந்தப் பள்ளத்தில் சும்மா கிடந்த ஒரு மூலையைக் கணினியில் கண்டு, அதில் மாட்டும்படி மூலக்கூறில் ஒரு கையைச் சேர்த்தது. பூட்டைப் பார்த்துத் திறப்பு வெட்டின மாதிரி.

ஆனால் கணினி பூட்டை மட்டும்தான் பார்க்கும். அந்தத் திறப்பு குடலால் உள்ளே போகுமா, ஈரலில் உடைந்துவிடுமா என்பது வேறு கதை. சனாமிவிர் குடலால் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, அதனால் மூச்சோடு இழுக்கும் தூளாகத்தான் வந்தது. கணினி தருவது பரிசோதிக்கவேண்டியவற்றின் சின்னப் பட்டியல். தட்டு வேலை அப்படியே இருக்கும்.

ஒரே நாளில ஆயிரக்கணக்கில செய்தால் பிழை வராதோ?

வரும், அதற்கென்றே தட்டில் இடம் ஒதுக்குவார்கள். ஒவ்வொரு தட்டிலும் சில குழிகளில் கலம் மட்டும், சிலவற்றில் கலமும் வைரஸும் மட்டும், சிலவற்றில் தெரிந்த மருந்து. பள்ளிக்கூடத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று படிப்பதுதான். நல்ல குழிக்கும் கெட்ட குழிக்கும் இடைவெளி எவ்வளவு தெளிவு என்பதை இசட் பிரைம் என்ற எண்ணால் அளப்பார்கள். 0.5க்கு மேல் என்றால் அந்தத் தட்டை நம்பலாம்.

நான் பட்டுப் படித்தது ஓரக் குழிகளிடம். ஒருமுறை மூன்று பொருள்கள் அருமையாக வேலை செய்தன. ஒரு கிழமை அவற்றின் பின்னாலேயே திரிந்தேன். பிறகு தட்டின் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் மூன்றும் ஓரத்து வரிசை. ஓரத்தில் நீர் கூடுதலாக ஆவியாகி, செறிவு மாறியிருந்தது. அதற்குப் பிறகு ஓரக் குழிகளுக்கு வெறும் வளர்ப்பூடகம்தான்.

பொய்யாக வெற்றி காட்டும் பொருள்களும் உண்டு. மேலே சொன்ன நீல ஒளிப் பரிசோதனையில், தானே நிறமுள்ள பொருள் ஒளியை விழுங்கிக் குழியை இருட்டாக்கிவிடும், பார்த்தால் மருந்து மாதிரி இருக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் இப்படிப் பல பரிசோதனைகளை ஏமாற்றுவதில் பேர்போனது. மறுபக்கமும் இருக்கிறது. குளிசையில் இருக்கும் ஒசெல்டாமிவிரை அப்படியே நொதியத்தின் மேல் விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஈரல் அதை வெட்டித்தான் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிறது. இது தெரியாமல் பரிசோதித்திருந்தால் நல்ல மருந்து ஒன்று அரிதட்டுக்குக் கீழே போயிருக்கும். அதோடு நாயின் சிறுநீரகக் கலத்தில் இருக்கும் சியாலிக் அமிலத்தின் கட்டமைப்பு மனிதத் தொண்டையில் உள்ளதைப் போலவே இல்லை. அதனால் நியூராமினிடேஸ் மருந்துகளைக் கலத்தட்டில் மட்டும் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. ஒரு முறையில் தெரிந்ததை வேறொரு முறையில் உறுதிசெய்யாமல் யாரும் அடுத்த அடி வைப்பதில்லை.

கொத்தமல்லி, மரமஞ்சள் எல்லாம் வைரசைக் கொல்லும் எண்டு ஆய்வுகூடத்தில நிரூபிச்சிருக்கு எண்டு போனில வந்தது. உண்மையோ பிள்ளை?

இதைக் கேட்டவர் எழுபது வயது தாண்டிய அம்மா. அவர் அவித்துத் தரும் கொத்தமல்லித் தண்ணீரை நானும் குடிக்கிறேன். சூடாக, இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தால் தொண்டைக்கு இதம், உடம்பில் நீரும் சேரும். அதை விடச் சொல்லமாட்டேன்.

'ஆய்வுகூடத்தில் நிரூபித்தது' என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். இலையையும் பட்டையையும் வடித்த சாறு பலவற்றில் தனின் இருக்கும், தேயிலையின் துவர்ப்பு அதுதான். தனின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் பிடித்துக்கொள்ளும். தட்டுக்குள் விட்டால் வைரஸின் புரதத்தையும் பிடிக்கும், நொதியத்தையும் பிடிக்கும், எல்லாப் பரிசோதனையிலும் வெற்றி காட்டும். குடித்தால் வாயிலும் குடலிலும் உள்ள புரதங்களோடேயே அதன் வேலை முடிந்துவிடும், சுவாசப்பையைப் போய்ச் சேராது. இன்னொன்று செறிவு. தட்டில் வேலை செய்த செறிவு இரத்தத்தில் வர எத்தனை அண்டா குடிக்கவேண்டும் என்று கணக்குப் பார்க்கவேண்டும்.

அதற்காக மூலிகையில் ஒன்றும் இல்லை என்று சொல்வதும் பிழை. ஒசெல்டாமிவிர் செய்யும் மூலப்பொருளான சிக்கிமிக் அமிலம், புரியாணிக்குப் போடும் அன்னாசிப் பூவிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அன்னாசிப் பூவை அவித்துக் குடித்தால் ஒசெல்டாமிவிர் கிடைக்காது. நடுவில் எத்தனையோ வேதித்தாக்கங்கள் இருக்கின்றன. முதியவருக்கோ கர்ப்பிணிக்கோ இன்புளுவென்சா என்று சந்தேகம் வந்தால் குடிநீரோடு நாளைக் கடத்தவேண்டாம். ஒசெல்டாமிவிர் முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும்.

தட்டில பிடிச்சுட்டுது எண்டால் எவ்வளவு காலத்தில பாமசிக்கு வரும்?

வருடக்கணக்கில், அதுவும் வந்தால். முதலில் அந்தப் பொருள் எந்தப் படியில் தடுக்கிறது என்று பார்ப்பார்கள். வைரஸ் விட்ட உடனே, இரண்டு மணி நேரம் கழித்து, நான்கு மணி நேரம் கழித்து என்று பொருளைச் சேர்த்துப் பார்ப்பது. பிந்திச் சேர்த்தால் வேலை செய்யவில்லையென்றால் அது நுழைவைத் தடுப்பது. பிந்திச் சேர்த்தும் வேலை செய்தால் பொலிமரேஸையோ வெளியேற்றத்தையோ தடுப்பது. பிறகு மனித சுவாசப்பாதைக் கலங்கள், பிறகு எலி, பிறகு பெரட். 1933இல் உதவிய அதே விலங்குதான், ஏனென்றால் அது எங்களைப் போலவே தும்மிப் பரப்பும். கடைசியில் மனிதரில் மூன்று கட்டங்கள்.

இந்த வழியில் எந்த இடத்திலும் விழலாம். பிமோடிவிர் என்ற பொருள் கலத்தட்டுப் பரிசோதனையில் கிடைத்து, பிபி2ஐத் தடுப்பது தெரிந்து, மனிதரில் மூன்றாம் கட்டம் வரை போனது. வழமையான சிகிச்சையை விடக் கூடுதல் பலன் இல்லை என்று 2020இல் நிறுத்தினார்கள். ஃபாவிபிராவிரும் ஜப்பானில் இப்படியொரு தேடலில் கிடைத்ததுதான். விலங்குகளில் முளையத்தைப் பாதித்ததால் 2014இல் கட்டுப்பாடுகளோடு மட்டும் அங்கே அனுமதி கொடுத்தார்கள். தெரிவுச் சுட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நாயின் சிறுநீரகக் கலம் கர்ப்பப்பையில் நடப்பதைச் சொல்லாது.

வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும் எண்டால் இவ்வளவும் வீண்தானே, டீச்சர்?

வீணில்லை, ஏனென்றால் அந்த மாற்றத்தையே தட்டுக்குள் வரவழைத்துப் பார்க்கிறார்கள். மருந்தைக் குறைந்த செறிவில் விட்டு வைரஸை வளர்த்து, தப்பியதை எடுத்துக் கொஞ்சம் கூட்டிய செறிவில் மறுபடி வளர்த்து, இப்படிப் பல சுற்றுப் போவார்கள். கடைசியில் நிற்பது மருந்துக்கு அடங்காத வைரஸ். அதன் மரபணுவை வாசித்தால் எந்த இடத்தில் விகாரம், அதாவது மரபணு மாற்றம், என்று தெரியும். எத்தனை சுற்றில் வந்தது என்பதும் முக்கியம். சீக்கிரம் வந்தால் வெளியிலும் சீக்கிரம் வரும்.

இதில் எனக்கு அழகாகப்படுவது ஒன்றைச் சொல்லவேண்டும். விகாரம் வந்த இடமே மருந்தின் குறியைக் காட்டிக் கொடுக்கும். அமன்டடீன் அனுமதி பெற்றது 1966, அது எம்2ஐத் தாக்குகிறது என்று தெரிந்தது 1980களில். மருந்துக்குத் தப்பிய வைரஸ்களைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். பலொக்சாவிருக்குத் தப்பும் வைரஸ்களில் பிஏ புரதத்தின் 38ஆவது இடமும், ஒசெல்டாமிவிருக்குத் தப்பும் எச்1என்1இல் நியூராமினிடேஸின் 275ஆவது இடமும் மாறியிருக்கும். இடம் தெரிந்தால் கண்காணிக்கலாம், வெவ்வேறு குறிகளைத் தாக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும் பார்க்கலாம். இரண்டு பூட்டையும் ஒரே நேரத்தில் உடைப்பது வைரஸுக்குக் கஷ்டம்.

எங்கட பக்கத்தில இருந்துகொண்டு இந்த வேலைக்குப் போக ஏலுமோ?

ஏலும். அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது. வைரஸ் வேலைக்கு இரண்டாம் நிலைப் பாதுகாப்பு அறை, காபனீரொட்சைட்டு அளவைக் கட்டுப்படுத்தும் அடைகாப்பான், கலங்களைச் சேமிக்கத் திரவ நைதரசன், நிற்காத மின்சாரம் எல்லாம் வேண்டும். அவை இருக்கும் இடத்துக்குப் பிறகு போகலாம். கையும் கண்ணும் பழகுவதற்கு அவ்வளவு தேவையில்லை.

இதைக் கேட்ட மாணவிக்கும் அவள் வகுப்புக்கும் ஒரு பயிற்சி கொடுத்தேன். பத்துச் சோதனைக் குழாய், ஒவ்வொன்றிலும் 1 மில்லிலீற்றர் தண்ணீர். பொட்டாசியம் பரமங்கனேற்றுக் கரைசல் 1 மில்லிலீற்றரை முதல் குழாயில் விட்டுக் கலக்கி, அதிலிருந்து 1 மில்லிலீற்றரை அடுத்ததில், இப்படிப் பத்தாவது வரை. பத்தாவதில் செறிவு 1024இல் ஒரு பங்கு. மருந்தின் பாதியாக்கும் செறிவைத் தேடும்போது செய்யும் அதே ஐதாக்கல்தான். எந்தக் குழாயோடு நிறம் மறைகிறது என்று அவரவர் இருந்த இடத்திலிருந்தே பார்த்து, பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல் துண்டில் எழுதித் தரச்சொன்னேன். சிலர் ஏழு என்று எழுதினார்கள், சிலர் ஒன்பது. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டேன். அந்த மாணவி துண்டுகளை மேசையில் பரப்பி, யார் எங்கே இருந்தது என்று பெயர் பெயராக அடுக்கினாள். ஒன்பது என்று எழுதியவர்கள் எல்லோரும் யன்னல் பக்கம் இருந்தவர்கள்.